மூலக்குளத்து மாடியில் தானிகாசே

தவளக்குப்பம்,
புதன்கிழமை, மண்டியில் கூட்டம் இல்லாத நேரம்.

அன்புத் தங்கை பெர்னதெத்துக்கு அண்ணன் தனிஸ்லாஸ் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா தயவில் இங்கே உன் அண்ணி நலம், கடை நலம், அரிசி விலையும் நலம். உன் மருமகன் கிளாட்வினின் இடுப்பு ஒன்றுதான் இன்னும் சுமாராக இருக்கிறது. அங்கே மச்சானும் பிள்ளைகளும் அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை இடையில் மறித்துப் பேச முடியாது.

"எம் மருமவனப் பொண்ணு பாக்க அனுப்புனா, மாடியில உருண்டுட்டு வந்திருக்கான். இனிமே அந்த வூட்டு முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்" என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன், உன் அண்ணியும் கேட்டாள், கடையில் சத்தமாக வைத்துவிட்டதால் மூட்டை இறக்குகிறவர்களும் கேட்டார்கள். நடந்ததை முழுக்கத் தெரிந்துகொண்டு திட்டு. நீ பாரீஸில் இருந்துகொண்டே உன் சிநேகிதியிடம் பேசிப் பிடித்துக் கொடுத்த சம்பந்தம் இது. அவள் வீட்டுக்காரர் அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பெண் பெனிஷாவுக்கு அந்த ஊர் நேஷனாலிட்டி இருக்கிறது, அதன்மேல் எனக்கு ஆசை இல்லை என்று உன்னிடம் நடிக்க மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய சங்கதி, பெனிஷாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து கிளாட்வின் தராசு முன்னால் நின்று சிரிக்கிறான். எடை போடும்போது சிரித்தால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரும். ஏற்கெனவே குண்டு உடம்பைக் காட்டிச் சில வீடுகளில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இதுவும் போனால் பையன் உடைந்துபோவான், அதுதான் என் பயம்.

அவன் கல்லாவில் உட்கார்ந்து ஓயாமல் ஜப்பான் சுமோ மல்யுத்தம் பார்க்கிறவன் என்பது உனக்குத் தெரியும். இப்போது இருக்கிற மல்லர்களைவிட ஆதிகால மல்லர்கள்மேல்தான் அவனுக்குப் பக்தி, புனிதர்கள் மன்றாட்டு மாதிரி வரிசையாகச் சொல்வான். உலகத்தில் எனக்கு நிகர் இல்லை என்று பீற்றிக்கொண்ட தைமா நோ கெஹாயா என்பவனை நோமி நோ சுகுனே என்பவர் ராஜா முன்னால் விலா எலும்பு நொறுங்க உதைத்தே கொன்றாராம், செத்தவனின் நிலமெல்லாம் ஜெயித்தவருக்கே கிடைத்ததாம். இதுவரைக்கும் எனக்கு நன்றாகப் புரிந்தது, இது வியாபாரம். ராய்டென் என்று ஒருவர், அவரைச் சாய்க்க ஆள் கிடைப்பதே அபூர்வம், ஆனாலும் மேல் பட்டமான யோகோசுனாவை அவருக்கு மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை, ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாதாம். அதைச் சொல்லும்போது கிளாட்வின் குரல் கம்மும். வேண்டாம் என்ற வீடுகளை நினைத்துக்கொள்கிறான் என்று நான் சில்லறை எண்ணுவதுபோல் குனிந்துகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்துக்குப் பெண் வீட்டுக்குப் போனோம். கேக்கு, முறுக்கு, காபி எல்லாம் மரியாதையாக ஆயிற்று. அந்துவான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு ஒடம்பு கொஞ்சம் கனமோ? மாடி ஏறுனா மூச்சு வாங்குமா?" என்றார். சரக்கில் குறை சொன்னால் அந்தக் குறையையே குணமாக்கி விற்பதுதானே நம் தொழில், வாய் தானாகத் திறந்துகொண்டது. "முசியே, இது தின்னு வளந்த ஒடம்பு இல்ல. சுமோ. ஜப்பான் மொறப்படி வளத்த ஒடம்பு" என்றேன். கிளாட்வின் என் காலை மிதித்தான். பெண்ணின் அண்ணன் ரெமி ஜிம்முக்குப் போகிறவன், சட்டைக் கைக்குள் புஜம் அடங்காதவன், உடனே எழுந்து "அப்பிடியா மச்சான், வாங்க, ஒரு புடி போட்டுப் பாக்கலாம்" என்றான். அந்துவான் முகத்தில் பட்டாளம் திரும்பி வந்துவிட்டது. எல்லாரும் மாடிக்குப் போனோம்.

பெனிஷாவே கோலமாவில் வட்டம் போட்டாள், நல்ல கை. வட்டத்துக்கு வெளியே கால் வைத்தாலும், உள்ளங்காலைத் தவிர வேறெது தரையில் பட்டாலும் தோல்வி என்று கிளாட்வின் சொல்லிக்கொடுத்தான். பிறகு இறங்குவதற்கு முன் உப்பு தூவ வேண்டும் என்றான். உன் சிநேகிதி கீழே ஓடிப்போய்க் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துவந்து, "கண்ணு கழிக்கிறதுன்னா மொளகா இல்லாம எப்பிடி தம்பி?" என்றாள். அவன் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு மிளகாயையும் தூவினான். அந்துவான் பிரெஞ்சில் ஏதோ அதட்டினார். ரெமி பாய்ந்தான். அடுத்த நிமிஷம் உன் மருமகன் வட்டத்தையும் தாண்டி, துணி காயப்போட்ட கயிற்றையும் இழுத்துக்கொண்டு, அந்துவானின் போர்வைக்குள் கிடந்தான்.

கீழே இறங்கி வந்தோம். "இன்னொரு காபி?" என்று கேட்டார்கள், அது போய் வா என்பதற்கு மரியாதையான சொல். காரில் வரும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தானிகாசே என்று ஒரு பெரிய மல்லர் கதை அவன் சொல்வானே. இருநூறு வருஷத்துக்கு முந்தி, அறுபதுக்கு மேல் தொடர்ந்து ஜெயித்தவர். அப்பா நோயில் கிடக்க, தோற்றுத் தோற்றுப் பிழைப்பே போகிற நிலையில் ஓர் ஏழை மல்லன் இருந்தானாம். அவனுக்காக ஊரே பார்க்கத் தானிகாசே தெரிந்தே விட்டுக்கொடுத்தாராம். நடந்ததா கட்டினதா என்று தெரியாது, ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் பையன் கண் கலங்கும். "டேய், ரெமி அவன் வூட்லயே, அவங்கப்பா முன்னாடி தோக்கக் கூடாதுன்னுதான நீ வுட்டுக்குடுத்த?" என்று கேட்டேன். அவன் ஜன்னல் வழியாகக் கடலூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். மறுக்கவில்லை. பிள்ளையின் மனசு அப்பனுக்குத் தெரியாதா.

திங்கட்கிழமை காலையிலேயே ஒரு சிப்பம் பழைய பொன்னி அரிசியோடு மூலக்குளம் போய் அந்துவானிடம் தானிகாசே கதையை முழுதாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "ஜெயிக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு, முசியே தனிஸ்லாஸ். ஒனேர் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒனேர் என்றால் பட்டாளத்தில் மானம், மரியாதை எல்லாம் சேர்ந்தது. ஆனாலும் சொல்தா சொல்தாதான், சாட்சி கேட்கிறார். பையன் சின்ன வயசிலிருந்தே இப்படித்தானா என்று உன்னிடம் விசாரித்துவிட்டுத்தான் கோயிலில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையை வாசிக்கச் சொல்வாராம். ஆகவே அவர் போன் செய்தால், ஆமாம், பள்ளிக்கூடத்துச் சாக்கு ஓட்டத்தில்கூட அடுத்த பிள்ளைக்காகத் தோற்றவன் என்று சொல். பொய் இல்லை, அவன் எல்லா ஓட்டத்திலும் தோற்றான், காரணத்தை நாம் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். வில்லியனூர் மாதா உங்கள் வீட்டுக் கூரைமேல் கை வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தனிஸ்லாஸ்.

பின்குறிப்பு: இதைப் படம்பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லிக் கிளாட்வினிடம் கொடுத்தேன். அனுப்பாமல் உட்கார்ந்து படித்துவிட்டான். "அப்பா, நான் ஒண்ணும் வுட்டுக்குடுக்கல. தம் கட்டித்தான் நின்னேன். நெஜமாவே தூக்கிப் போட்டுட்டான்" என்கிறான். பின்னே காரில் ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்றேன். இடுப்பு வலியாம். அதோடு விட்டானா, இதையெல்லாம் பெனிஷாவிடம் அன்றைக்கே போனில் சொல்லியும் விட்டானாம். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். அவள் ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா, நான் பக்கத்துலதான நின்னேன். புடிச்சிருக்குன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். நீங்க அந்த ஜப்பான் கதையையே வெச்சிக்கோங்க, அப்பா தெரு முழுக்க சொல்லிட்டாரு, இப்பப் போயி மாத்துனா அவருக்கு அசிங்கம். ரெமிதான், அவரு வுட்டுக்குடுத்தா நான் ஜெயிச்சேன்னு ரோஷப்பட்டு ரெண்டு நாளா சாப்புடாம இன்னொரு புடி கேக்குறான். கல்யாணம் முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன். முடிஞ்சதும், தங்கச்சி புருஷன் மேல கை வெக்கலாமான்னு அம்மாவ வுட்டுக் கேக்கச் சொல்லிக்கிறேன்."

பெர்னதெத், நீ யாருக்கும் சாட்சி சொல்ல வேண்டாம், அதை அவளே பார்த்துக்கொள்வாள். கல்யாணத்துக்கு டிக்கெட்டைப் போடு. இந்தப் பெண் வந்ததும் கல்லாச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு நான் மூட்டை எண்ணப் போகிறேன்.