அரை நூல் இடைவெளி

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு பழைய கார் இருக்கும். அது நன்றாகவே ஓடும்; ஆனால் அவர் ஓட்டமாட்டார். ஏனென்றால் அதில் எப்போதும் இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'மேம்படுத்துகிறவர்'. பழுது பார்க்கிறவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழுது பார்க்கிறவர் கெட்டதைச் சரிசெய்வார். இவர் சரியாக இருப்பதையும் விட்டுவைக்க மாட்டார்.

அடையாளம் சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பேனர் இருக்கும். விருந்தாளி வந்தால் நாற்காலியைக் காட்டுவதற்கு முன் பானெட்டைத் திறந்து காட்டுவார். அந்த வண்டியைச் செய்த கம்பெனிக்காரரைப் பற்றி, படிப்பு ஏறாத சொந்தக்காரப் பையனைப் பற்றிப் பேசுவதுபோல, "அவன் என்ன பண்ணுவான் பாவம், அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்பார். எந்த வேலையும் அவருக்கு அரை மணி நேர வேலை. வேலை முடிந்தபின் தரையில் ஒரு நட்டு மிச்சம் கிடந்தால்? "எக்ஸ்ட்ராவா குடுத்திருக்கான்!"

இந்த இனத்திலேயே சிறந்த மாதிரி என் தம்பி. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அவன் தன் பழைய காரில் மனைவியோடு சரிவான தெருவில் இறங்கும்போது பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. வண்டி ஒரு முடிதிருத்தும் கடையின் பெயர்ப்பலகையில் சாய்ந்து நின்றது. உள்ளே பாதி முகத்தில் நுரையோடு இருந்தவர் வெளியே வந்து, தம்பி மனைவி வீட்டுக்கு நடக்கத் தொடங்கியதைப் பார்த்தார். மறுநாளே மெக்கானிக் ஒரு ரப்பர் வாஷரை மாற்றிச் சரிசெய்துவிட்டார். ஆனால் அவள் ஏறவில்லை. தம்பியோ அவளுடைய நம்பிக்கையைத் திரும்பப் பெற சீட்டு உறையை மாற்றினான், ஹாரனை மாற்றினான், விளக்குக் கண்ணாடியை மாற்றினான். அதற்கும் ஏறவில்லை.

போன வாரம் ஒரு பெட்டி வந்தது. உள்ளே புது மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி நாலு சக்கரத்தையும் பிடிக்கவைக்கிற இரும்புக் குழாய் அது. பழையதற்கு ஒரு அறை, இதற்கு இரண்டு. ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். இதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து அவன் விளக்கினான். அவன் மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை ஏறுறேன். தெருமுனை வரைக்கும். நின்னா வண்டி இருக்கட்டும். நிக்கலைன்னா திங்கட்கிழமை வித்துடணும். அண்ணி, நீங்கதான் சாட்சி" என்று என் பக்கம் திரும்பினாள்.

தம்பி சிலிண்டரைத் தட்டிக் காட்டினான். "நிக்கும்" என்றான்.

சனிக்கிழமை அரை மணி நேர வேலை காலை எட்டுக்கு ஆரம்பித்தது. கழற்றிய ஒவ்வொரு நட்டையும் நான் ஒரு டம்ளரில் போட்டு, டம்ளருக்கு எண் ஒட்டி, நோட்டுப்புத்தகத்தில் குறித்தேன். பிறகு குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை. அவன் சக்கரத்தடியில், நான் பெடலில்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்."

"விடு!"

"விட்டுட்டேன்."

"அக்கா, யாரு விடச் சொன்னது?"

"நீதானேடா சொன்ன!"

"அது பூனையைச் சொன்னேன், டியூபை இழுக்குது!"

மறுபடி முதலிலிருந்து. மாலை நாலு மணிக்கு என் வலது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பெடலிலிருந்து வரும் கம்பி, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள வேண்டும். காலை எடுத்ததும் இரண்டுக்கும் நடுவே அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும் என்று பெட்டியில் வந்த தாளில் படம் போட்டிருந்தது. நான் குறித்து வைத்திருந்தேன். சொன்னேன்.

"அக்கா, அந்த இடைவெளி சோம்பேறிங்களுக்கு. நம்ம வண்டி தொட்டதும் பிடிக்கணும்" என்று சொல்லி, கம்பியை நீட்டி இடைவெளியை ஒழித்தான். மேம்படுத்தியாயிற்று!

ஞாயிறு காலை அவனும் மனைவியும் முன்னால், நான் பின்னால். அபாரம்! தொட்டதும் பிடித்தது. அதைக் காட்ட அவன் தையல்கடை வாசலில் தொட்டான், தபால்பெட்டியருகே தொட்டான், ஒன்றுமே இல்லாத இடத்தில் இரண்டு முறை தொட்டான். "பாத்தியா? பாத்தியா?" அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. வண்டி மட்டும் ஏனோ மூட்டை சுமப்பதுபோல் முக்கியது. தெருமுனையில் கடைசியாக ஒருமுறை தொட்டான்.

நின்றது. அப்படியே நின்றுவிட்டது. கியர் மாற்றினான், ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். அசையவில்லை. தீய்ந்த வாசனை வந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. திரும்பி வர இடைவெளி இல்லாத எண்ணெய் உள்ளேயே மாட்டிக்கொண்டு நாலு சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தது. நோட்டுப்புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தை முன்சீட்டுக்கு நீட்டினேன்.

தம்பி அதைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தான். "வித்துடணுமா?"

அவள் இறங்கினாள். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். பஸ் டிரைவரிடம் பொறுக்கச் சொல்லிக் கையசைத்தாள்.

"நின்னா இருக்கட்டும்னு சொன்னது நான்தான். திரும்பவும் நகரணும்னு சொல்லிவைக்கத் தோணலை. என் தப்பு. இருக்கட்டும்."

அவன் தலைகீழாகக் குனிந்து கம்பியை அரை நூல் தளர்த்தினான். வண்டி பெருமூச்சு விட்டு நகர்ந்தது. அவள் அதிலேயே வீடு திரும்பினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. பாதி வழியில் அவன் மெல்லச் சொன்னான்: "கிளட்ச்தான் கொஞ்சம் கனமா இருக்கு. ஒரே ஒரு வேலை..."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். இந்தக் கதையை நான் ஆறு தடவை திருத்தி எழுதியபின், முதலில் எழுதியதே நன்றாக இருந்தது என்று தம்பி மனைவி சொல்லும் வரை. உங்களை ஒன்று கேட்கலாமா? உங்கள் வீட்டு மின்விசிறி ஒழுங்காகத்தானே சுற்றுகிறது? பிறகு ஏன் அதை அப்படி அண்ணாந்து பார்க்கிறீர்கள்?