மூன்று புள்ளி வைத்த வெளிநாட்டுப் பூட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நம் பூட்டுப் பட்டறையில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரும் நலம். இந்த நலம் புதன்கிழமை வரைக்கும்தான் என்பதால் உடனே எழுதுகிறேன்.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்ற தாங்கள், போன மாதம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கடைத்தெருவில் என் பூட்டின் பாதி விலைக்கு விற்கும் வெளிநாட்டுப் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுக்குப் பேருதான் பொருள் குவிப்பு, சம்பந்தி. அவங்க நாட்டுல விக்கிறதைவிட மலிவா இங்க கொண்டுவந்து கொட்டுறாங்க. நம்ம உள்நாட்டுச் சந்தையே படுத்துடும். இறக்குமதி வரியைக் கூட்டச் சொல்லி மனு கொடுங்க" என்றீர்கள். மனுவையும் தாங்களே எழுதினீர்கள். நான் கையெழுத்துப் போட்டதோடு சரி. 'உயிர் உள்ளவரை போராடுவேன்' என்று அதில் ஒரு வரி இருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

விசாரணை அதிகாரி புதன்கிழமை வருகிறாராம். இரண்டு பூட்டையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். அதுவரை சும்மா கிடப்பானேன் என்று என் மனைவி அந்த வெளிநாட்டுப் பூட்டை ஸ்டோர் ரூம் கதவில் மாட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டாள். சமையல் சாமான் எல்லாம் உள்ளே, நாங்கள் வெளியே. பட்டறை மேஸ்திரி சுத்தியலோடு வருவார் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து நம் பட்டறைச் சாவி ஒன்றை எடுத்துப் போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது. (நம்மிடம் மொத்தமே ஆறு மாதிரிச் சாவிதான் என்பதைத் தங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.) பிரித்துப் பார்த்தோம். உள்தகட்டில் மூன்று புள்ளி. தான் சரிபார்த்த ஒவ்வொரு பூட்டிலும் இருபது வருடமாக மேஸ்திரி குத்தி வைக்கும் அதே மூன்று புள்ளி.

"இது நம்ம பூட்டுதான், முதலாளி. போன வருஷம் மீந்ததை மூணுல ஒரு பங்கு விலைக்குக் கப்பல்ல ஏத்துனோமே, அதான். பேரை மட்டும் மாத்தி அடிச்சிருக்கான்" என்றார்.

உள்ளூரில் விலையை இறக்காமல் மீந்ததை வெளிநாட்டில் தள்ளிவிடுங்கள் என்ற யோசனையும் தாங்கள் சொன்னதுதான், சம்பந்தி. ஆக, கொட்டியவனும் நான், கொட்டுகிறார்கள் என்று மனு கொடுத்தவனும் நான். அதிகாரி அந்தப் புள்ளியைப் பார்த்தால் பொய் மனு என்று பட்டறையை இழுத்து மூடிவிடுவார். பன்னிரண்டு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். புள்ளியைத் தேய்த்துவிடச் சொன்னதற்கு மேஸ்திரி, "என் கையெழுத்தை நானே அழிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே மனுவைத் திரும்பப் பெற ஒரு கடிதம் எழுதி உடனே அனுப்புங்கள். இந்த முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்கட்டும். தங்களுக்கு மருமகளாக வந்த என் பெண்ணிடம் இது எதையும் சொல்ல வேண்டாம். அவளாவது தங்களிடம் யோசனை கேட்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கப்பல் ஏஜெண்ட் போன் செய்தார். அந்த வெளிநாட்டு வியாபாரிக்கு நம் நாட்டில் விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறதாம். விலையைக் கொஞ்சம் ஏற்றி, இரண்டு மடங்கு பூட்டு கேட்கிறார். பன்னிரண்டு பேருக்கும் வருடம் முழுக்க வேலை. சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, வெளிநாட்டுப் பூட்டுக்கு இறக்குமதி வரியே கூடாது என்று புதன்கிழமைக்குள் புது மனு ஒன்று எழுதுங்கள். அந்த 'உயிர் உள்ளவரை' வரி அதிலும் இருக்கட்டும்.