சுழி நிற்காத துப்பாக்கி

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை டாரல் அவர்களுக்கு, மாமனார் வெண்டல் எழுதுவது.

இங்கே நான் நலம். ஆடுகள் என்னைவிட நலம். பிரசவத்துக்காகப் பில்லிங்ஸ் நகரில் தங்கியிருக்கும் நீங்களும், படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும் என் மகள் இங்கிரிட்டும், வெளியே வர இன்னும் நாளிருக்கும் பேரக்குழந்தையும் நலம்தானே என்று தீவனம் வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றாலே என் வாயில் "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை" என்றுதான் வருகிறது. எனவே சொல்ல வேண்டியதை வகைப்படுத்தி எழுதுகிறேன்.

1. நீங்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த துப்பாக்கியின் தெர்மல் ஸ்கோப்புக்குக் குளிரில் சுழி நிற்பதில்லை, அதாவது குறிவைத்த இடத்தில் குண்டு படுவதில்லை.
2. ஆடுகளின் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை.
3. நம் நாய் டீக்கன் உயிரோடு இருக்கிறது. (இங்கிரிட்டுக்கு இதை முதலில் படித்துக்காட்டவும்.)
4. மைல்ஸ் சிட்டி முதியோர் இல்லத்து அறை.

நான்காவதிலிருந்துதான் மற்ற மூன்றும் முளைத்தன என்பதால் அதை இங்கேயே தொட்டுவிடுகிறேன். நீங்கள் கிளம்பிய அன்று சமையலறையில் இங்கிரிட்டிடம், "உங்கப்பா இந்தக் குளிர்காலம் ஆட்டையும் நாயையும் ஒழுங்காப் பாத்துக்கட்டும், அந்த ரூமைப் பத்தி அப்புறம் யோசிப்போம்" என்று சொன்னீர்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, நம் வீட்டுச் சுவர் மெல்லியது. என் அறை குழந்தைக்கு வேண்டும் என்பதும் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் மாடியறையே எனக்குப் போதும் என்று உங்களிடம் கேட்க வாய் வரவில்லை. ஒரு ஆடுகூடக் குறையாமல் காட்டிவிட்டால் கேட்காமலே கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் செய்தி. நீங்கள் போன வாரமே நரிகள் வேலிவரை வந்து ஊளையிட ஆரம்பித்துவிட்டன, சினை ஆடுகள் மூலையில் ஒண்டிக்கொண்டு தீவனத்தைத் தொடவில்லை, சரி, மாப்பிள்ளை நம்பிக் கொடுத்த பொருள் இருக்கிறதே என்று துப்பாக்கியை எடுத்தேன், ஆனால் குளிரில் கெட்டுவிடுமோ என்று பயந்து அதைக் கம்பளியில் சுற்றி அடுப்பின் பக்கத்திலேயே வைத்திருந்ததால் வெளியே கொண்டுபோனவுடன் கண்ணாடியில் ஆவி படர்ந்து, ஆவி உறைந்து, உலகமே பால்பாயசம்போலத் தெரிந்தது, அதைத் துடைக்கலாம் என்று நெருங்கியதில் என் புருவம் ரப்பர் விளிம்போடு ஒட்டிக்கொண்டது, பிய்த்தெடுத்ததில் பாதிப் புருவம் ஸ்கோப்பிலேயே தங்கிவிட்டது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் சுழி மாறிவிடுமோ என்று தொடவில்லை.

பக்கத்துப் பண்ணை ஆர்லீனிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள், இந்த வட்டாரத்தில் அவளுக்குத் தப்பிய நரி குறைவு. துப்பாக்கியை வெளித் தாழ்வாரத்திலேயே போட்டுவைக்கச் சொன்னாள். ஆவி நின்றது, சோதித்துப் பார்த்தால் குண்டு குறி தப்பியது. பிறகு ஸ்கோப்பின் திருகுகள் குளிரில் சுருங்கியிருக்கும் என்றாள், முடுக்கினேன். தோட்டா மருந்து குளிரில் மந்தமாகியிருக்கும் என்றாள். தோட்டாக்களை அக்குளில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எதற்கும் பலனில்லை என்று சொன்னபோது காபியை உறிஞ்சிக்கொண்டே, "பத்தாவதுல எனக்கு முட்டை போட்டீங்களே வாத்தியாரே. இப்ப ஒத்த முட்டைய வச்சுக்கிட்டு அது எங்க உக்காருதுன்னு தெரியாம நீங்களே அலையிறீங்க" என்றாள். அவளுக்கு நான் போட்டது முட்டையில்லை, மூன்று மதிப்பெண். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

என் சோதனை முறையையும் விளக்கிவிடுகிறேன், குற்றம் என் மேலில்லை என்பது தெளிவாக வேண்டும். ஸ்கோப் சூட்டை மட்டுமே பார்ப்பதால், கையுறைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பை ஒன்றைப் பலகையில் டேப் போட்டு ஒட்டினேன். டேப்பை ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்தில் வெட்டினேன். நூறு கஜம் திரும்பி நடந்து, வைக்கோல் கட்டின்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, பையின் நடுவில் குறிவைத்துச் சுட்டேன். பிறகு முழங்கால் பனியில் ஊன்றுகோலோடு பலகைவரை நடந்து பார்த்தால், குண்டுத் துளை பைக்கு ஒரு சாண் மேலே. புதுப் பை எடுத்து, முறை மாறக்கூடாதல்லவா, பழைய பை இருந்த அதே இடத்தில் ஒட்டிச் சுட்டேன். மறுபடியும் ஒரு சாண் மேலே. அப்புறமும் அப்படியே. இத்தனை ஒழுங்காகத் தவறும் கருவியை நான் பார்த்ததில்லை. பள்ளியில் இருந்திருந்தால் பாராட்டியிருப்பேன். போதாததற்குப் பைகளெல்லாம் மட்டமான சரக்கு. ஒவ்வொன்றிலிருந்தும் கரும்பொடி கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்குத் தனியாகக் கடுமையான கடிதம் ஒன்று எழுதிப் போட்டுவிட்டேன். "கடுமையான" என்றால், "தயவுசெய்து" என்பதை ஒரு தடவைதான் எழுதினேன்.

முடிவில் ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக் குண்டு ஒரு சாண் கீழே படும்படி வைத்தேன். சரிபார்க்க ஒரு முறை சுட்டேன். துளையையே காணோம். பையைத் தூக்கினால் சரியாக அதன் அடியில் இருந்தது. அந்தப் பை மட்டும் நல்ல சரக்கு, பொடி கொட்டவில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே செய்தி. வியாழக்கிழமை விடியும் நேரம், வெப்பமானி சுழிக்கு முப்பது கீழே நின்றது (அதற்காவது தன் சுழி எங்கே என்று தெரிகிறது), பனி பறந்துகொண்டிருந்தது, ஆடுகள் மறுபடி மூலையில். ஸ்கோப்பில் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாலு கால் பிராணி ஒன்று தோள்பட்டை தெரியக் குனிந்திருக்கிறது. டீக்கனாக இருக்குமோ என்று யோசிக்காமலில்லை. ஆனால் டீக்கனைக் கொட்டகையில் விட்டு நானே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். இருந்தாலும் "டீக்கன்" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். நரியாக இருந்தால் பயந்து ஓடிவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் கூப்பிட்டேன். அது திரும்பவில்லை. தோள்பட்டையில் குறிவைத்துச் சுட்டேன்.

ஒரு சாண் கீழே போய்த் தொட்டியில் பட்டது. ஹீட்டர் ஓடும் தொட்டி நிறைய உறையாத தண்ணீர் இருந்ததால் குண்டு அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. தண்ணீர் பீறிட்டது. அந்தப் பிராணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, வாலை ஆட்டியது, தாடியில் சொட்டிய நீர் உறைந்து கலகலக்க நடந்துவந்து என் பூட்ஸின்மேல் உட்கார்ந்தது. தீவன ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துத் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறது. அது கனத்தோடு உட்கார்ந்திருந்ததால்தான் நான் விழவில்லை.

நாயை நரி என்று எண்ணியது என் தவறு. மறுக்கவில்லை. ஸ்கோப் தன் தவறால் என் தவறைத் தடுத்தது. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வரும் என்று முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தினேன். எந்தப் பையனும் நம்பினதில்லை. எனக்கே அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

ஆர்லீன் வந்து ஓட்டையை அடைத்துக் கொடுத்தாள். வழிந்த தண்ணீர் உறைந்து தொழுவமே கண்ணாடித் தளமாகிவிட்டது; ஆடுகள் மேடையேறிய சிறு பிள்ளைகள்போல ஒவ்வோர் அடியாக வைக்கின்றன. சாம்பல் தூவியிருக்கிறேன். அறை விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது என் வார்த்தையில்லை: "நாய்னு தெரியாம தொட்டியச் சுட்டதுக்கு மாமனார முதியோர் இல்லத்துக்கு அனுப்புவாரா? அப்ப நரின்னு நெனச்சு என் டிராக்டர் டயரச் சுட்டாரே உங்க மாப்பிள்ளை, அவர எங்க அனுப்பறது?" இந்த டயர் சங்கதி எனக்கு இதுவரை தெரியாது. தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஆக, நான்காவதைப் பற்றி என் பணிவான வாதம் இதுதான்: ஆடுகள் குறையவில்லை. நாய் இருக்கிறது. தொட்டி ஒழுகவில்லை. நடந்த பிசகு கருவியின் பிசகு. நிதானமாக, முறையாகச் சோதித்து அதைக் கண்டுபிடித்தவன் நான். அப்படிப்பட்ட ஒரு ஆள் மாடியறையில் இருப்பது பண்ணைக்கு உபயோகமாகவும் இருக்கலாம். இல்லை என்றாலும் எனக்கு வருத்தமில்லை. இருக்கிறது, ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

இங்கிரிட் இடதுபுறம் சாய்ந்தே படுக்கட்டும். பிறப்பது யாரானாலும் அவள் மூக்கும் உங்கள் தைரியமும் வாய்க்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஆடுகள் உங்கள் குரலைத் தேடுகின்றன.

மதிப்புடன்,
உங்கள் மாமனார்
வெண்டல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், நான் எழுதியதில் எனக்கே சந்தேகம் வந்து, பலகையிடம் போய்ப் புதுப் பை ஒன்றை ஒட்டினேன். இந்த முறை திரும்பி நடக்கவில்லை, பக்கத்திலேயே நின்றேன். நான் சுடவில்லை, யாரும் சுடவில்லை. போய்ச் சுட்டுவிட்டுத் திரும்பி வரும் நேரம் ஆனபோது, குளிரில் டேப் பாதி விட்டுக்கொண்டு, பை மெல்ல ஒரு சாண் இறங்கித் தொங்கியது. ஆக, குண்டு மேலே போகவில்லை, சுட்ட பிறகு பைதான் கீழே இறங்கியிருக்கிறது. பழைய பைகளைப் பனியிலிருந்து பொறுக்கிப் பார்த்தேன். பொடி கொட்டிய ஒவ்வொன்றிலும் நட்டநடுவில் குண்டுத் துளை. கொட்டாத அந்த ஒன்றில் மட்டும் துளை இல்லை. கடைக்காரருக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.

எனவே நான்காவதைப் பற்றி மேலே வாதாடியதை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளலாம். திருகை மட்டும் பழையபடி திருப்ப எனக்குக் கை வரவில்லை. டீக்கன் என் காலின்மேல் படுத்துக் குறட்டை விடுகிறது. முதல் செய்தி தவறு, மாப்பிள்ளை. சுழி குளிரில் அசையாமல்தான் நின்றிருக்கிறது. அதை நான் தவறாகப் புரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால், மூன்றாவது செய்தி தவறாகியிருக்கும்.