தேங்காய்க்குப் பதிலாகப் புத்தகம்

புத்தகம் எழுதுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அச்சடிக்கிறவர்களையும் தெரியும். படிக்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. இந்த மூவரையும் திருத்துவதற்கென்றே நான்காவதாக ஓர் இனம் பூமியில் உலவுகிறது. "தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா ஒரு யோசனை" என்று குரல் கேட்டால், அதுதான்.

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பக்தவச்சலம் இந்த இனத்தில் முதல் தரம். வாங்க வந்தவருக்குக் குக்கரைக் காட்டுவதற்கு முன், தமிழ்ப் புத்தகங்கள் ஏன் விற்பதில்லை என்று விளக்கிவிடுவார். எழுத்தாளனுக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, பதிப்பாளருக்கு வாடிக்கையாளரிடம் சிரிக்கத் தெரியவில்லை, அட்டையில் எதற்கு இத்தனை கறுப்பு என்று பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறும்போது ஆரம்பித்தாரென்றால் தாம்பரம் தாண்டியும் முற்றுப்புள்ளி வராது. அந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டு, தாம்பரத்துக்கு முந்தைய நிலையமான சானடோரியத்தில் இறங்க வேண்டிய ஒரு குடும்பம் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்து, அங்கேயே வீடு பார்த்துக் குடியேறிவிட்டது. நம்புவது உங்கள் விருப்பம்.

இப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? தானே ஒரு புத்தகம் எழுதினார். 'கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.' பக்கத்துச் சந்தில் அச்சகம் நடத்தும் பழைய சிநேகிதர் சௌகத் அலியிடம் கொண்டுபோனார்.

"எவ்ளோ காப்பி போடட்டும்ணா? நூறு?"

"ஆயிரம்!"

"யாருண்ணா வாங்குவாங்க?"

"இதான் பாய் உங்க தொழில்ல கோளாறு. விக்கிறவனுக்கே நம்பிக்கை இல்லன்னா வாங்குறவனுக்கு எப்படி வரும்?"

நம்பிக்கை இருந்தது. வாங்குகிறவர்தான் இல்லை. இட்லிக் குண்டான்களுக்கு நடுவே அடுக்கிவைத்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "சமையல் குறிப்பா?" என்று கேட்டவர்கள் உண்டு. பக்தவச்சலத்துக்குக் காசு பெரிதில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "உங்க புத்தகத்தைப் படிச்சேன்" என்று சொல்லிவிட மாட்டாரா? இந்த ஏக்கத்தில் மனிதர் பாதியாக இளைத்துப்போனார்.

அந்த நேரத்தில்தான் மகள் மிருதுளாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெருங்களத்தூரில் பெரிய மண்டபம். பக்தவச்சலத்துக்குப் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது.

"தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா என் புத்தகம்!"

மனைவி கீதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல நாளும் அதுவுமா தேங்காய் இல்லாம பை குடுப்பாங்களா? சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க?"

"தேங்காய் ஒரு சட்னியோட முடிஞ்சிடும் கீதா. கருத்து காலத்துக்கும் நிக்கும்."

"உங்க கருத்தை அரைச்சு இட்லிக்குத் தொட்டுக்க முடியுமா?"

முடியாதுதான். ஆனாலும் புத்தகமே பைக்குள் போயிற்று. வாங்கியவர்கள் பையைத் தூக்கிப் பார்த்தார்கள், கனம் சரியாக இருந்தது, திருப்தியாகக் கிளம்பினார்கள். அன்று மாலையே அச்சகத்துக்குப் போன் பறந்தது. "பாய், முதல் பதிப்பு ஒரே நாள்ல காலி! ரெண்டாம் பதிப்புக்குத் தயாராகுங்க!"

"வித்துடுச்சுன்னு சொல்லாதீங்கண்ணா. போயிடுச்சுன்னு சொல்லுங்க."

மறுநாளிலிருந்து விருந்தினர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்தவச்சலம் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் எடுத்தார். "சார், எங்க பையில தேங்காய் விட்டுப்போச்சு. யாரோட புக்கோ மாறி வந்திருக்கு. திருப்பிக் குடுக்கணுமா?" எல்லோரும் இதையே கேட்டார்கள். கடைசியில், போன் அடித்தால் கீதாவிடம் நீட்ட ஆரம்பித்தார்.

அப்படி ஒரு நாள் கீதா எடுத்துக் கேட்டுவிட்டு, திகைப்போடு ஸ்பீக்கரைப் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தை ரத்தினபாய், மாடம்பாக்கத்திலிருந்து.

"சம்பந்தி, உங்க புத்தகத்தைப் படிச்சேன்."

பக்தவச்சலம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "முழுசாவா?"

"முழுசா. மனசுல பட்டதைச் சொல்லிடறேன். முதல் அம்பது பக்கம் தேவையே இல்ல. எழுத்து பொடிசு, பேச்சு பெருசு. சும்மா குடுக்கிற பொருள்ல விலை போட்டிருக்கீங்களே, அது என்ன வியாபாரம்? வாடிக்கையாளர் பேச்சைக் காது குடுத்துக் கேக்கணும்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதறீங்க. கல்யாணத்தன்னிக்கு நான் உங்ககிட்ட ஒரு காபி கேட்டேன். நீங்க அட்டைப்படத்தோட கலரைப் பத்திப் பேசிட்டே இருந்தீங்க. காபி வரவே இல்ல."

குக்கர் வாங்க வந்தவரிடம்கூட இடைவெளி விடாத மனிதர், வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். குரோம்பேட்டை வரலாற்றில் அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. போனை வைத்தவரின் முகத்தைப் பார்க்கவே கீதாவுக்குப் பயமாக இருந்தது. பார்த்தால், பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்!

"படிச்சிருக்காங்க கீதா!"

"கிழிச்சுத் தொங்க விட்டாங்களே?"

"படிக்காம கிழிக்க முடியுமா?" ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு, அந்த அம்மாவுக்கு விமர்சனம் பண்ணத் தெரியல. எடுத்ததும் நாலு நல்ல வார்த்தை சொல்லணும், அப்புறம்தான் குறை. நாளைக்கு நானே கூப்பிட்டு எடுத்துச் சொல்லிடறேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: இந்தக் கதையில் ரத்தினபாய் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம், அந்தச் செங்கல்பட்டுப் புளுகை வெட்டியிருக்கலாம் என்று நடுவில் எங்கோ உங்களுக்குத் தோன்றவில்லை? தோன்றியதா? அப்படியானால் குரோம்பேட்டையில் ஒருவர், மாடம்பாக்கத்தில் ஒருவர் என்று உங்களுக்கு நெருங்கிய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில்தான் பேசுவீர்கள்.