கருத்து அங்கிளும் அறிந்த சனமும்

சிட்னியில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் பரீட்சை வைத்தது பள்ளிக்கூடம் அல்ல, எங்கள் ஸ்ட்ராத்ஃபீல்ட் கருத்து அங்கிள்தான். பரீட்சையில் ஒரே ஒரு கேள்வி. விடை சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

பெயரைச் சொல்வார்கள்.

"கருத்து?"

அங்கேதான் வியர்க்கும். எண்சாத்திரக்காரர் முதல் எழுத்தும் கூட்டுத்தொகையும் தர, நாங்கள் நடுவில் எழுத்துகளை அடுக்கிப் பெயர் செய்கிறவர்கள். கருத்துக்கு எங்கே போவது? சிலர் "சூரிய ஒளி" என்று அடித்து விடுவார்கள்.

"இதோடை சிட்னியிலை எத்தினை சூரிய ஒளி! பிறகேன் குளிருது?" என்பார் அங்கிள்.

இந்த வியாதி தமிழரோடு நிற்கவில்லை. ஒருமுறை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், பார்க்க வந்த கிரேக்க டொக்டரையும் அவர் பெயரின் கருத்துக் கேட்டிருக்கிறார். விடை தெரியாத டொக்டர் வெளியே போய்த் தன் தாய்க்குப் போன் எடுத்தாராம். அதற்குள் அங்கிளின் நெஞ்சுவலி சுகமாகிவிட்டது. டொக்டருக்குத்தான் முகம் வெளிறிப் போனது என்று கேள்வி.

இப்படிப்பட்டவர் எங்கள் மகளின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வரப்போகிறார் என்றதும் வீட்டில் நித்திரை போய்விட்டது. எண்சாத்திரப்படி நாங்கள் கண்டுபிடித்த பெயர் டிஷ்வினா. உலகத்தில் எந்தப் பாசையிலும் அதற்குக் கருத்து இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

"சனத்துக்கு முன்னாலை என்ரை பிள்ளையின்ர பேரைப் பகிடி பண்ணினாரெண்டால் நான் தாங்கமாட்டன்" என்று மனைவி அழுதாள். பிள்ளை பெற்ற உடம்பு, சரியான தூக்கமில்லை. அங்கிளை வரவேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. குழந்தையின் கழுத்தில் போடும் பஞ்சாயுதப் பதக்கத்தைத் தானே செய்வித்துக்கொண்டு வருவதாக அவர் அறிவித்து விட்டிருந்தார். அதையும் ஒரு ஈராக்கிய நகைக்கடையில்தான் கொடுத்திருந்தார். கழுத்துச் சங்கிலியில் பெயர் பொறிக்க வந்தவர்களை எல்லாம் கருத்துக் கேட்டுக் கலைத்ததால் தமிழ்க் கடைகளில் அவருக்கு வரவேற்பு இல்லை.

நான் ஒரு பொய்யைத் தயார் செய்து குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அந்த நாளும் வந்தது. அங்கிள் பஞ்சாயுதத்தோடு தொட்டிலடிக்கு வந்தார். கதைத்துக்கொண்டிருந்த சனம் வாயை மூடியது. படம் எடுக்கிறவர்கூடக் கமெராவைத் தாழ்த்திவிட்டார்.

"பேர்?"

"டிஷ்வினா."

அவருடைய புருவம் மேலே போய் அங்கேயே நின்றது. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"தாயின்ர பேர்?"

"என்ரையோ?" என்றாள் அவள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. "மைதிலி."

"டிஷ்வினா, மைதிலியின்ர மகள். நல்ல பேர்" என்று சொல்லிப் பஞ்சாயுதத்தைப் போட்டுவிட்டார்.

பழகின பொய்யை என்னால் அடக்க முடியவில்லை. "அங்கிள், டிஷ்வினா எண்டால் திசைகளை வெல்லுறவள் எண்டு..."

"தம்பி, உம்மட்டை ஆரும் கேட்டவையோ?"

சனம் சிரித்தது. மனைவிதான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தாள்.

வடையும் தேத்தண்ணியுமாக இருந்தபோது, ஏன் கருத்துக் கேட்கவில்லை என்று அங்கிளிடம் விசாரித்தேன்.

"அந்த ஈராக் நகைக்கடைக்காரனை, நீங்கள் ஆரெண்டு கேட்டனான்" என்றார். "பழைய சனமாம். வெள்ளை உடுத்து இஞ்சை நேப்பியன் ஆத்திலை முழுகிற ஆக்கள். அரமேய பாசையிலை தங்களை மந்தாயி எண்டு சொல்லினம். அறிஞ்ச ஆக்கள் எண்டு கருத்தாம்."

"சரி, நல்ல கருத்துத்தானே?"

"நான் விட்டனோ? பிள்ளையளுக்கு என்னெண்டு பேர் வைக்கிறனியள் எண்டன். பிறந்த நேரத்தை வைச்சு எங்கடை ஐயர் மாதிரி ஒராள் கணக்குப் பாத்து ஒரு பேர் குடுப்பாராம். தாயின்ர பேரோடை சேத்துத்தான் அதைச் சொல்லுவினமாம். கருத்தென்ன எண்டு கேட்டன். அவன் என்னைப் பாவமாப் பாத்தான். தாய் ஆரெண்டு தெரிஞ்சால் காணாதோ எண்டான்." வடையைக் கடித்தார். "அறிஞ்ச சனமே கணக்குப் பாத்துத்தான் வைக்குது. ஒண்டும் அறியாத நான் ஆர் கேக்க?"

மனிசன் திருந்திவிட்டார் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். அடுத்த ஞாயிறே ஒரு பிறந்தநாளில் கேக் வெட்ட விடாமல் கருத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். விதிவிலக்கு என் மகளுக்கு மட்டும்தான். அவளை இன்றுவரை "மைதிலியின்ர மகள்" என்றுதான் கூப்பிடுகிறார். ஒளிப்பானேன், அவர் வராவிட்டால் எனக்கு இப்போது எந்தக் கொண்டாட்டமும் ருசிப்பதில்லை.

போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது பள்ளிக்கூடம் போகும் மகள் கேட்டாள்: "அங்கிள், உங்கட அம்மாவுக்கு என்ன பேர்?"

எதற்கும் உடனே பதில் வைத்திருக்கும் மனிதர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பொன்னம்மா."

கருத்து என்ன என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கோப்பையை வாங்கி இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.