மேலதிகமாகக் காணப்பட்ட பதினெட்டுக் குதிரைகள்

அரசாங்கம் ஜீப் வாங்குவது மலை ஏறுவதற்காக என்பது பொதுமக்களிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணம். எங்கள் காரியாலயத்தில் பதினோரு வருடங்களாக மொழிபெயர்ப்பாளராக இருப்பவன் என்ற முறையில் அதைத் திருத்தி வைக்கும் கடமை எனக்கு உண்டு.

நடமாடும் தாய்சேய் நலச் சேவை வலயக் காரியாலயம் என்பது எங்கள் பெயர். இருப்பது குண்டசாலையில். கம்பளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது எங்கள் வேலை. பெயரில் 'நடமாடும்' என்று இருந்தாலும் ஆறு வருடம் எங்களிடம் வாகனம் இருக்கவில்லை. அதனால் பெயர்ப்பலகைக்கு அடியில் உட்கார்ந்தபடியே நடமாடினோம். பிறகு வாகனம் தெரிவுசெய்ய ஒரு தொழில்நுட்பக் குழு அமைக்கப்பட்டது.

அந்த வருடம் கண்டியில் ஜீப் மோகம் தலைக்கேறியிருந்தது. டாக்டர்மார், சட்டத்தரணிமார், நகைக்கடை முதலாளிமார் எல்லோரும் கூரையில் விளக்கு வரிசை, முன்னால் இழுவைக் கயிறு, ஆற்றில் இறங்கினாலும் இயந்திரம் மூச்சுவிட ஒரு உயரக் குழாய் என்று பூட்டிக்கொண்டு வாவியைச் சுற்றி வந்தார்கள். வாவிக்குள் யாரும் இறங்கியதாகத் தகவல் இல்லை. எங்கள் குழுவில் இருந்தவர்களும் மனிதர்கள்தானே. விளக்குக்கு இத்தனை புள்ளி, குழாய்க்கு இத்தனை புள்ளி, நிறத்துக்கு இத்தனை புள்ளி என்று நேர்மையாகப் போட்டார்கள். இயந்திரத்துக்குப் புள்ளி போடப் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை. அறுநூற்று அறுபது சீசீயும் அறுபத்து நான்கு குதிரைவலுவும் கொண்ட ஒரு சின்ன ஜீப் வந்து சேர்ந்தது. நிறுத்தி வைத்திருக்கும்போது பார்க்க மிகவும் வீரமாக இருந்தது.

வெள்ளைக்கல் தோட்டத்தின் கீழ் டிவிசன் வரைக்கும் ஜீப் ஒழுங்காகப் போகும். மேல் டிவிசனுக்கு ஏறும் பாதையில் ஏழாம் முடக்கு என்று ஒரு செங்குத்தான வளைவு இருக்கிறது. நான்கு பேரையும் தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்ததும் ஜீப் ஒரு முனகலோடு நின்றுவிடும். மருத்துவமாது ஞானேஸ்வரி இறங்கி, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்பது நிமிடம் நடந்து ஏறுவார். எங்கள் பணிப்பாளர் மக்கீன் சேர் இதைத் தீர விசாரித்து, "இவ்வாகனத்தால் மேல் டிவிசனைச் சென்றடைய முடியாது என்பது இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது" என்று கொழும்புக்கு அறிக்கை அனுப்பினார். மொழிபெயர்த்தவன் நான். அன்றிலிருந்து ஜீப் ஏறாமல் இருப்பது ஒரு பழுது அல்ல. அது காரியாலயத்தின் நிலைப்பாடு.

இதை ஏற்றுக்கொள்ளாதவன் சாரதி இளங்கோ. கீழ் டிவிசனில் பிறந்தவன். இரண்டு வருடமாகப் பதில் சாரதியாக ஓடிக்கொண்டு, நிரந்தர நியமனக் கடிதத்தை எதிர்பார்த்திருந்தான். ஒவ்வொரு கிழமையும் ஏழாம் முடக்கில் அந்த அம்மா தோளில் பெட்டியோடு நடந்து போவதையும், தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் அவனால் பொறுக்க முடியவில்லை. கம்பளையில் கராஜ் வைத்திருக்கும் ரஸீனிடம் போய்ச் சொன்னான்.

ரஸீன் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த இயந்திரத்துக்கு வலு இல்லாமல் இல்லை, இதற்கு மேல் காட்டாதே என்று கம்பனிக்காரன் அதன் கம்பியூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறான், அவ்வளவுதான் என்றான். அவனுடைய மேசை லாச்சியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. ட்யூனர் என்பார்கள். இயந்திரத்தின் வயரில் நடுவே கொளுவிவிட்டால் டர்போ இன்னும் கொஞ்சம் பலமாக ஊதும். கண்டியில் ஒரு முதலாளி தன்னுடைய ஜீப்புக்குப் பூட்டி மூன்று மாதம் ஓடினாராம். காலையிலும் மாலையிலும் நெரிசலில் ஒரு முச்சக்கரவண்டிக்குப் பின்னால் ஊர்ந்தே சலித்துப்போய், அதைவிடப் பெரிய ஜீப் வாங்கிக்கொண்டு இதைக் கழற்றிப் போட்டுவிட்டார். ரஸீன் அதை இளங்கோவுக்குச் சும்மா கொடுத்தான். பூட்டி, அளந்து, எண்பத்திரண்டு குதிரைவலு என்று ஒரு துண்டிலும் எழுதித் தந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜீப் ஏழாம் முடக்கில் நிற்கவில்லை. ஞானேஸ்வரி வழக்கம்போல இறங்குவதற்குக் கதவில் கை வைத்திருந்தாராம். கதவைத் திறக்க முன்னர் எட்டாம் முடக்கு வந்துவிட்டது.

மேலே லய வீடொன்றில் புஷ்பம் என்ற பெண்ணுக்கு எட்டு மாதம். புருஷன் கொழும்பில் வேலை. இரண்டு நாளாகத் தலைவலி, கால் வீக்கம். ஞானேஸ்வரி பிரஷர் பார்த்தார், இன்னொரு தடவையும் பார்த்தார், பிறகு அவளைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைக்கச் சொன்னார். ஒரு மணித்தியாலத்துக்குள் கம்பளை ஆஸ்பத்திரி. அன்றைக்கே ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். தோளில் சுமந்து இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் இளங்கோ கேட்டானாம். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம்.

இளங்கோ சந்தோஷத்தில் செய்த ஒரே தவறு, உள்ளதை உள்ளபடி எழுதியது. ஓட்டப் பதிவேட்டில் 'மேல் டிவிசன்' என்று எழுதி, ரஸீன் தந்த துண்டையும் இணைத்துக் கொடுத்தான்.

மறுநாள் மக்கீன் சேர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பக்கம் பதிவேடு, மறுபக்கம் அவருடைய பழைய அறிக்கை.

"அரூஸ், ஜீப் ஏறாது எண்டு நான் எழுதி ஈக்கேன். ஜீப் ஏறி ஈக்குது. இதுல பொய் சொல்றது ஆரு?"

ஜீப்தான் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. நல்லவேளையாகச் சேரே அந்த முடிவுக்கு வந்தார்.

களஞ்சியப் பொறுப்பாளர் அழைக்கப்பட்டார். பொருட்பதிவேட்டில் அறுபத்து நான்கு குதிரைவலு இருக்கிறது, வாகனத்தில் எண்பத்திரண்டு இருக்கிறது, ஆகவே பதினெட்டு மேலதிகம் என்றார். குறைந்திருந்தால் பிரச்சினை இல்லை, குறைவுக்குப் படிவம் இருக்கிறது, கூடுதலுக்குப் படிவம் இல்லை என்று அவர் மிகவும் வருந்தினார். சென்றடைய முடியாதென அரசாங்கம் உறுதிப்படுத்திய இடத்துக்கு அரச வாகனத்தைக் கொண்டுசென்றமை, பதிவேட்டில் இல்லாத பதினெட்டுக் குதிரைகளைப் பாவித்தமை, அம்பியூலன்ஸ் அல்லாத வாகனத்தில் ஓர் உயிரை ஏற்றியமை ஆகிய மூன்றுக்கும் பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தருமாறு இளங்கோவுக்குக் கடிதம் போனது. 'ஓர் உயிரை' என்பதில் களஞ்சியப் பொறுப்பாளர் திருத்தம் சொன்னார். ஏற்றிய ஆள் ஒன்று, உயிர் இரண்டு என்றார்.

இளங்கோ அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்தான். நியமனம் போய்விடுமா என்று கேட்டான். பிறகு, மேல் டிவிசன் ஆட்கள் தனக்காக ஒரு மனு தருவார்கள், அது போதும் என்றான்.

மனு வந்தது. கொண்டுவந்தவர் மேல் டிவிசன் நலன்புரிச் சங்கத் தலைவர் இராமையா. ஐம்பத்திரண்டு கையெழுத்து. படித்துவிட்டு நான் மறுபடியும் படித்தேன். ஜீப் மேலே ஏறவில்லை, இனியும் ஏறக் கூடாது என்பதே அதன் சாரம்.

மேல் டிவிசனுக்குக் கொங்கிரீட் வீதி கேட்டு ஆறு வருடமாக ஒரு கோப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. வாகனம் போகாத இடம் என்ற வகையில்தான் அது பட்டியலில் இருந்தது. அதில் கடைசியாகச் சேர்ந்த பலமான ஆதாரம், மக்கீன் சேரின் அறிக்கை.

"ஜீப்பு ஏறுதுன்னு எழுதிட்டீங்கன்னா எங்க ரோடு போயிருங்க சேர்" என்றார் இராமையா. "ஆறு வருசமா அந்த முடக்கக் காட்டித்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

மக்கீன் சேர் எழுந்து அவருக்குக் கைகொடுத்தார். காரியாலயமும் பொதுமக்களும் ஒரே கருத்தில் இருந்ததை என் சேவைக்காலத்தில் அன்றுதான் கண்டேன். ஞானேஸ்வரிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அடுத்த புஷ்பத்துக்கு என்ன செய்வீர்கள் என்று இராமையாவை வராந்தாவிலேயே நிறுத்திக் கேட்டார். ரோடு வரும்வரை எப்படியாவது சமாளித்துக்கொள்வோம் என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ரோடு வர்ற வரைக்கும் வயிறு காத்துக்கிட்டு இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

இளங்கோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் நின்றான். தன் தோட்டத்துக்காரரான இராமையா தன்னைப் பார்க்காமல் பஸ் தரிப்பிடத்துக்குப் போவதையும் பார்த்தான். பிறகு பொனட்டைத் திறந்து அவனே பெட்டியைக் கழற்றினான். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. களஞ்சியத்தில் அதை ஓர் உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, 'குதிரைகள் - 18' என்று எழுதி அலுமாரியில் பூட்டினார்கள். வாகனம் மீண்டும் ஏறாத நிலைக்கு வந்துவிட்டதால் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. நியமனக் கடிதமும் வந்தது. அதை அவன் யாருக்கும் காட்டவில்லை.

ஏறாமையை நேரில் உறுதிசெய்யக் கொழும்பிலிருந்து மூவர் கொண்ட குழு ஒன்று வந்தது. ஜீப் ஏழாம் முடக்கில் நின்றது. அவ்வளவு அழகாக அது ஒருநாளும் நின்றதில்லை. இராமையா ஏற்பாடு செய்தபடி நாற்பத்து மூன்று பேர் அங்கே கூடியிருந்தார்கள். முடக்கின் கஷ்டத்தை எடுத்துச் சொல்லி, குழுவை நடத்திக் கூட்டிப்போவதுதான் திட்டம். ஆனால் குழுத் தலைவர் புதுச் சப்பாத்து போட்டிருந்தார். பாதையில் சேறு. அவர் இறங்குவதற்கான எந்த அறிகுறியும் தெரியவில்லை. வீடு தேடி வந்தவர்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்புவது மேல் டிவிசன் ஆட்களுக்குப் பழக்கமில்லை. யாரோ ஒருவர் பின்னால் கை வைத்தார். பிறகு எல்லோரும் வைத்தார்கள். பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஜீப் மூவரோடும், மக்கீன் சேரோடும், பின்னால் கோப்புகளோடு ஒடுங்கிக் கிடந்த என்னோடும் மேலே போய்ச் சேர்ந்தது. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். தேநீர் நன்றாக இருக்கிறது என்றார்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. வழக்கம்போல நான்தான் மொழிபெயர்த்தேன். "வாகனம் தனது சுயவலுவில் மேல் டிவிசனைச் சென்றடையாது என்பது உண்மையே. எனினும், சமூகப் பங்களிப்புடன் பதினொரு நிமிடங்களில் சென்றடையும் என்பதைக் குழு நேரில் அமர்ந்திருந்து அவதானித்தது. ஆதலால் வீதி அவசியமில்லை. இயந்திரத்தில் மாற்றமும் அவசியமில்லை."

மக்கீன் சேருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. 'சமூக உந்துதல் வேலைத்திட்டம்' என்று பெயர் வைத்து ஏழு தோட்டங்களுக்கு விரிவுபடுத்தினார்கள். கண்டியில் இருந்து ஒரு ஆலோசகர் வந்து, முதுகை வளைக்காமல் தள்ளுவது எப்படி என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். ஆட்களுக்குச் செம்மஞ்சள் மேற்சட்டை கொடுத்தார்கள். இராமையா இரண்டாம் முறை குண்டசாலைக்கு வந்து, அந்தப் பெட்டியையாவது திரும்பப் பூட்ட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். பூட்டலாம், ஆனால் ஜீப் தானாக ஏறினால் திட்டம் நின்றுவிடும், மேற்சட்டைகளைத் திருப்பித் தர வேண்டும் என்றார் மக்கீன் சேர். இராமையா யோசித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை குடும்பத்துக்கு ஒருவர் என்று முறைப்பட்டியல் போட்டு அனுப்பினார். தங்கள் பெயர் விடுபட்டதாக நான்கு குடும்பங்கள் முறைப்பாடு செய்திருந்தன. மேற்சட்டை மழைக்கு நல்லதாம்.

நேற்று நானும் போயிருந்தேன். தள்ளுபவர்களின் வரவைப் பதியும் உத்தியோகத்தர் தள்ளப்படும் வாகனத்தினுள் இருத்தல் வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. ஏழாம் முடக்கில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருத்தி புஷ்பம். புருஷன் கொழும்பில் இருப்பதால் அவள்தான் வர வேண்டும். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அதற்கு ஆறு மாத ஊசி போடும் நாள் அது. ஊசி ஜீப்பில், எனக்குப் பக்கத்தில், பெட்டிக்குள் இருந்தது.

இளங்கோ கண்ணாடியில் அவளைப் பார்த்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

ஞானேஸ்வரி இறங்கிப்போய் அவளிடம் கேட்டார். "ஏன் புள்ள, வரும்போது கொழந்தையையும் தூக்கிக்கிட்டு வந்திருந்தா இங்கயே ஊசியப் போட்டிருப்பேனே?"

புஷ்பம் மேற்சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அப்ப ஜீப்ப யாரு மிஸ் தள்றது?"

நான் அவள் பெயருக்கு நேரே சரி போட்டேன்.