வெங்காயத் தோலும் நாலாம் மாடியும்

இரத்தம் உடம்புக்குள் உறைவது விரும்பத்தகாதது என்பதில், ஸ்வீடனின் அந்தச் சிற்றூர்ச் சுகாதார அலுவலகத்தில் இருவேறு கருத்து எழுந்ததில்லை. தலைவர் தொர்னிக்கு மட்டும் அது சொந்தப் பிரச்சினை. நாற்காலியிலேயே காலம் தள்ளியதில் போன வருஷம் இடது காலில் இரத்தக்கட்டி வந்து, கால் வீங்கி, மனுஷன் மயிரிழையில் தப்பினார். இன்னொன்று வந்தால் ஆள் காலி. ஆகவே வெங்காயத் தோலில் உள்ள ஃபிளேவனாய்டு என்ற சத்து இரத்தக்கட்டியைத் தடுக்குமா என்று ஆராய ஆணையிட்டு, முதல் ஆளாகத் தன் பெயரையே கொடுத்தார்.

வெங்காயத் தோல் மாத்திரை தருமிடம் நாலாம் மாடி. லிஃப்ட் ரிப்பேர். காபி இடைவேளைதோறும் ஊழியர்கள் கையில் இலவங்கப்பட்டைப் பொடி தூவிய பன்னோடு, மூச்சு வாங்க ஏறி, விழுங்கி, இறங்கினார்கள். கோடை முடிவதற்குள் தொர்னியின் கால்வீக்கம் போன இடம் தெரியவில்லை. பூரித்துப் போனார். ஊரில் வெங்காயத் தோல் தேநீர், வெங்காயத் தோல் முகப்பூச்சு என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். பேருந்தில் மூக்கைப் பிடிக்காமல் ஏற முடியவில்லை.

ஆய்வாளர் இல்வா முடிவோடு வந்தாள்.

"தொர்னி, ஒரு சிக்கல். பாதிப் பேருக்குக் கொடுத்தது வெறும் மாவு. அவங்க காலும் நல்லாத்தான் இருக்கு."

"பாவம், மாவு தின்னவங்க! நான் வெங்காயக் கோஷ்டிதானே?"

"நீங்களும் மாவுதான்."

"விளையாடுறியா? அப்போ என் வீக்கம் எப்படி வடிஞ்சுது?"

"படி ஏறி இறங்கினீங்களே, அதுல."

தொர்னியின் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவருக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டார்.

"படிக்கட்டுக்கு மருந்துன்னு அனுமதி இருக்கா?"

"அது வெறும் கல்லு, தொர்னி!"

"எத்தனை படி ஒரு வேளை? பக்கவிளைவு என்ன? யாராவது சோதிச்சாங்களா?"

"கோடை முழுக்க நீங்கதான் சோதிச்சீங்க!"

"ஐயையோ! அனுமதியில்லாத மருந்தை ஆபீஸ் முழுக்கக் கொடுத்திருக்கோம். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்!"

அன்றே படிக்கட்டுக் கதவு பூட்டப்பட்டது. ஒரு வருஷமாக அசையாத லிஃப்ட் மாலையே ஓடியது. மாத்திரை இனி மேசைக்கே வரும் என்றதும் ஊழியர்கள் கைதட்டினார்கள், உட்கார்ந்தபடியே.

பனி விழத் தொடங்கியதும் தொர்னியின் கால் பழையபடி வீங்கியது. பயம் பிடித்து ஆட்டியது. யாரும் பார்க்காத நேரத்தில் நொண்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டுக் கதவை இழுத்தார். அது அசையவில்லை. அதில் அவரே கையெழுத்திட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தது:

"படிக்கட்டின் மருத்துவப் பயன் பரிசீலனையில் உள்ளது. முடிவு தெரியும்வரை அனைவரும் அமர்ந்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

ஆணையை மீறுகிற ஆளா அவர்? திரும்பிப் போய், ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

சிரிக்காதீர்கள். நீங்கள் மட்டும் நின்றுகொண்டா படிக்கிறீர்கள்?